எண்ணெய் குறைந்ததா, திறன் வளர்ந்ததா?

கொடிகாமத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியிலே முன்னாளில் தட்டிவான்கள் பல ஓடின. தேங்காய்ச் சாக்கும் பலாப்பழமும் ஆட்களும் ஒருங்கே நிறைய, இடமில்லை என்னும் சொல்லையே அறியாதனவாய் அவை சென்ற காட்சியை முதியோர் மறந்திரார். அவற்றின் இயந்திரங்கள் பழையன. எண்ணெய் குடிப்பதில் வல்லன. ஆயினும் சுமையையும் ஆட்தொகையையும் கொண்டு பங்கிட்டு நோக்கின், ஒருவர்க்காக எரிந்த எண்ணெய் சிறிதே.

ஒரு நாடு எண்ணெயைத் திறம்படப் பயன்படுத்துகின்றதா என்று அறிவதற்கும் இத்தகைய பங்கீடே வேண்டும். எரித்த எண்ணெயை நாட்டு உற்பத்தியின் பெறுமதியால் வகுத்துக் காண்பர். 1973-74இல் எண்ணெய் விலை ஏறக்குறைய நான்கு மடங்காக உயர்ந்தபோது, யப்பான் முதலிய நாடுகள் தொழிற்சாலைகளைத் திருத்தி, குறைந்த எண்ணெயால் மிகுந்த பொருளை ஆக்கக் கற்றன. அது திறன். நம் குடாநாடு கண்டதோ வேறு.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் புகையிரதம் நின்றது, மின்சாரம் அற்றது, எரிபொருள் தடையாயிற்று. பெற்றோலுக்கென அமைந்த மோட்டார்கள் மண்ணெண்ணெயில் ஓடலாயின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது; ஆகவே சில துளி பெற்றோலை முதலில் ஊட்டி உயிர்ப்பித்து, சூடேறியபின் மாற்றிக்கொள்வர். அமுக்கம் குறைந்த பழைய ஒஸ்ரின் கார்கள் இதற்கு நன்கு இசைந்தன. புகையும் கரியும் மட்டும் ஓயவில்லை.

வீடுகளிலோ, ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சை வைத்து, சிறிது மண்ணெண்ணெய் வார்த்துத் திரியிட்ட விளக்கின் முன்னே பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தனர். அவ்விளக்கின் சூழ்ச்சியை மெச்சாதார் இலர், நாமும் மெச்சுகின்றோம். ஆனால் அதனை எரிபொருட் சிக்கனத்தின் சின்னமாகக் கொள்ள உடன்படோம். திரிச்சுடரில் எண்ணெயின் ஆற்றலில் மிகச் சிறு கூறே ஒளியாகின்றது. எஞ்சியது வெப்பமாயும் கரியாயும் கழிகின்றது. மின்குமிழோ அதே ஒளியைப் பன்மடங்கு குறைந்த ஆற்றலைக் கொண்டே தந்துவிடும். செலவு சுருங்கிற்று, திறனும் உடன் வீழ்ந்தது.

2022ஆம் ஆண்டில் முழு இலங்கையும் இதனைச் சுவைத்தது. அந்நியச் செலாவணி வற்றவே, யூலை மாதத்தில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் எனப் பங்கீடு வந்தது. எண்ணெய்ச் செலவு இறங்கியது மெய். நாட்டின் உற்பத்தியும் அவ்வாண்டில் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இறங்கிற்று. ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாயிற்று. வள்ளத்தைக் கரையேற்றிவிட்டு வீட்டிலிருந்த மீனவர் எரியாத எண்ணெயும் தேசியக் கணக்கிற் குறைவாகவே பதியும்!

மெய்யான திறனுக்கு நாம் தூரம் போக வேண்டுவதில்லை. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிற்று. கொடிகாமத்திலும் தண்டவாளம் மறுபடி உண்டு. மாணவர்கள் ஒரு கணக்குச் செய்யலாம். வீட்டு மோட்டார்ச் சைக்கிள் ஒரு லீற்றருக்கு ஓடும் தூரத்தை அதில் ஏறுவோர் தொகையாற் பெருக்குக. பருத்தித்துறைப் பேருந்துக்கும், காலையில் நிறைந்து செல்லும்போது ஒருமுறையும் நண்பகலில் வெறுமையாய்ச் செல்லும்போது ஒருமுறையும், அவ்வாறே செய்து பார்க்க.