கிரீம் கலக்கும் முன் ஆலாத்தித் தட்டைப் பாருங்கள்



ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகிறவர்கள், சிராங்கூன் சாலைக் கடைகளில் மஞ்சள் தூளும் கிரீம் டப்பாவும் வாங்கி வருகிறார்கள். வீட்டில் இரண்டையும் குழைக்கிறார்கள். "ஆப்பச் சோடா போட்டா அழுக்கு போகும், எலுமிச்சை பிழிஞ்சா நிறம் வரும்" என்று பக்கத்து வீட்டில் சொல்லக் கேட்டு, அதையும் சேர்க்கிறார்கள். இது சரியா?

ரப்பர் பால் உறையாமலிருக்க அமோனியா விடுகிறோம். உறைய வைக்க பார்மிக் ஆசிட் விடுகிறோம். முன்னது காரம், பின்னது புளிப்பு. இதை அளக்கும் கணக்குக்குத்தான் பி.எச். என்று பெயர். 7 நடுநிலை, கீழே போனால் புளிப்பு, மேலே போனால் காரம். நம் தோல் 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பு. குளிக்கும் சவர்க்காரம் 9, 10 வரை போகும். எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது.

ஆலாத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதல்லவா? அது காரத்தின் வேலை. மஞ்சளின் சத்தான குர்குமின் காரத்தில் நிற்காது. 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பி.எச். 7.2 உள்ள கரைசலில், உடல் சூட்டில், அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிட்டது. புளிப்புப் பக்கத்தில் அது மெதுவாகவே சிதையும். ஆகவே, சோடா போட்டதும் உங்கள் கிரீம் சிவந்தால், போட்ட மஞ்சள் வீணாகிறது என்று பொருள்.

"அப்போ எலுமிச்சை பிழியலாமா?" வேண்டாம். அந்தப் புளிப்பு தோலுக்கு அதிகம், எரியும். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்பி, கறுப்புத் தழும்பு விழும். வெயிலில் நிற்கும் நமக்கு இது பெரிய ஆபத்து.

கிரீம் செய்யும் கம்பெனிக்காரர்கள் கருவியால் அளந்து, சொட்டுச் சொட்டாகப் புளிப்பைச் சரிசெய்து, கெடாமலிருக்க மருந்தும் சேர்க்கிறார்கள். கண்ணளவில் நம்மால் அது முடியாது. மஞ்சள் பூச வேண்டுமானால் அன்றன்றைக்குக் குழைத்து, அன்றே கழுவிவிடுங்கள். வெடித்த கைக்கு வாசலினே போதும். அதில் தண்ணீர் இல்லை, பி.எச். கவலையும் இல்லை.

கடைசியாக ஒன்று. லேபிள் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமை வாங்காதீர்கள். அப்படிச் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்ததாக சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தோலில் எரிச்சலோ தடிப்போ கண்டால், டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.