கருவிழியின் வளைவை அளக்க ஒரு வளையம் போதுமா?

எவர்சில்வர் குடத்தில் டியூப்லைட் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். குடத்தில் பெரிதாகவும், சின்னச் சொம்பில் சிறிதாகவும் தெரியும். வளைவு கூடினால் பிம்பம் சுருங்கும். நம் கண்ணின் கார்னியாவை (கருவிழிக்கு முன்னால் உள்ள தெளிவான படலம்) அளப்பதும் இதே வித்தைதான்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 64 மி.மீ. விட்டமுள்ள ஒளி வளையத்தைக் கண்ணிலிருந்து 75 மி.மீ. தூரத்தில் வைக்கிறோம். பிம்பம் 3.2 மி.மீ. என்றால்:

ஆரம் = 2 × 75 × 3.2 ÷ 64 = 7.5 மி.மீ.

337.5-ஐ இந்த ஆரத்தால் வகுத்தால் 45 டயாப்டர். இது சாதாரணக் கண். பிம்பம் 2.8 மி.மீ. ஆகிவிட்டால்? ஆரம் 6.56, பவர் 51-ஐத் தாண்டிவிடும். வெறும் 0.4 மி.மீ. வித்தியாசம்தான்!

அந்த 51 பெரும்பாலும் கெரடோகோனஸ் என்ற நோயின் அடையாளம். கார்னியா மெலிந்து கூம்பு மாதிரி முன்னால் தள்ளும். பெரும்பாலும் பதின்ம வயதில் ஆரம்பிக்கும். கூம்பு நடுவில் இல்லாமல் சற்றுக் கீழே இருக்கும் என்பதால் ஒரு வளையம் மட்டும் போதாது. 1880 வாக்கில் போர்ச்சுகல் மருத்துவர் பிளாசிடோ, ஒரே மையம் கொண்ட பல வளையங்கள் வரைந்த தட்டைப் பயன்படுத்தினார். வளையங்கள் நெருங்கும் இடத்தில் வளைவு அதிகம்.

நம் நாட்டில் 2021-ல் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவும் பெங்களூரு சங்கரா கண் மருத்துவமனையும் சேர்ந்து இதையே செல்போனுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் ஸ்மார்ட்கேசி. முப்பரிமாண அச்சில் செய்த வளையக் கூம்பு, எல்இடி பட்டை, ஒரு செயலி, அவ்வளவுதான். 101 கண்களில் சோதித்தார்கள்.

இதில் புரோகிராம் எழுதுகிறவனைப் படுத்தும் விஷயம் தூரம். மேலே உள்ள கணக்கில் 75-ஐ 76 என்று எடுத்தால் 45 டயாப்டர் 44.4 ஆகிவிடும். கையில் பிடிக்கும் போனில் 1 மி.மீ. நகர்வது ஒரு விஷயமா? அதனால்தான் தூரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.

செம்மங்குப்பத்திலிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ பைக்கில் போனால் கண்ணில் தூசி விழாமல் இருக்காது. விழுந்தால் கசக்குவோம். தொடர்ந்து கசக்குவது இந்த நோயைத் தூண்டும் முக்கியக் காரணங்களில் ஒன்று. ஆரம்பத்திலேயே தெரிந்தால், ரிபோஃபிளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு கார்னியாவை இறுக்கி, பெரும்பாலானோருக்கு நோயை நிறுத்தலாம். முற்றினால் கார்னியா மாற்று அறுவை வரை போகலாம்.

வீட்டில் பிள்ளைக்குக் கண்ணாடியின் சிலிண்டர் பவர் அடிக்கடி ஏறுகிறதா? கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். "கார்னியா டோபோகிராபி எடுக்கணுமா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.