ஞானப் பல்லைப் பிடுங்குவதா, விடுவதா?

மனிதனுக்குப் பற்கள் 32 என்று சிறுவயதிலேயே படிக்கின்றோம். அவற்றுள் 28 பற்கள் பன்னிரண்டு, பதின்மூன்று வயதளவில் முளைத்துவிடுகின்றன. எஞ்சிய நான்கும் பதினேழு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடையிலே, கொடுப்பின் கோடியில் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன. அறிவு முதிரும் பருவத்தில் வருதலின் இவற்றை ஞானப் பற்கள் என்பர். பெயர் பெரிதுதான், ஆயின் உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகப் பரீட்சைக்கும் கண்விழித்துப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதே பருவத்தில் இவை கொடுக்கும் தொல்லையும் சிறிதன்று.

இப்பல் நோகத் தொடங்கியதும் வீட்டிலே இரு கட்சிகள் தோன்றிவிடும். "ஞானப் பல்லால் ஒரு பயனுமில்லை, நான்கையும் ஒருமிக்கப் பிடுங்கிவிடு" என்பது ஒரு கட்சி. "மேற்பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை போய்விடும்; கராம்பை வைத்துப் பொறுத்துக்கொள்" என்பது மற்றைய கட்சி. இவ்விரண்டும் அச்சத்திற் பிறந்த தீர்ப்புக்களே. அந்தப் பல் வாயில் என்ன செய்துகொண்டிருக்கின்றது என்பதை அறிந்த பின்னரே பிடுங்குவதா விடுவதா என்று முடிவு கட்டவேண்டும்.

எல்லோருக்கும் இப்பற்கள் ஒரே விதமாக வருவதில்லை. ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நான்கில் ஒன்றேனும் உண்டாவதே இல்லை. சிலருக்கு நான்கும் நேராக முளைத்து ஏனைய பற்களைப் போல உணவை அரைக்கின்றன. வேறு சிலருக்குத் தாடையில் இடம் போதாமையால் பல் சரிந்தோ படுத்தோ எலும்பிற் புதைந்து கிடக்கும். அல்லது பாதி வெளியே வந்து நின்றுவிடும்.

இந்தப் பாதி முளைத்த பல்லே பெருந்தொல்லைக்குக் காரணம். அதன்மேல் முரசின் ஒரு பகுதி மூடிபோலக் கிடக்கும். மூடிக்கு அடியில் உணவுத் துணுக்குகளும் கிருமிகளும் தங்குவதால் முரசு வீங்கி நோகும், வாய் நாறும், வாயைத் திறப்பதும் விழுங்குவதும் கடினமாகும். சரிந்த பல் முன்னாலுள்ள நல்ல பல்லின்மேற் சாய்ந்திருந்தால், தூரிகை எட்டாத அவ்விடுக்கில் இரண்டுக்குமே சூத்தை பிடித்தலும் உண்டு.

"வருமுன் காப்பது நன்றல்லவா? நோவு வருமுன்னரே பிடுங்கிவிட்டால் என்ன?" என்று வாசகர் கேட்கலாம். அமெரிக்காவில் இளம் வயதிலேயே இவ்வாறு பிடுங்குவித்துக்கொள்வோர் பலர். இளமையில் வேர்கள் முற்றாக வளர்ந்திரா. காயமும் விரைவில் ஆறும் என்பது அவர்கள் கூறும் நியாயம். அதில் உண்மையுண்டு. ஆயினும் இங்கிலாந்தில், அரசாங்க வைத்திய சேவைக்கு வழிகாட்டும் 'நைஸ்' என்னும் நிறுவனம், நோயில்லாத புதைந்த ஞானப் பற்களை முற்காப்பாகப் பிடுங்கும் வழக்கத்தைக் கைவிடுமாறு 2000ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

அதற்குத் தக்க காரணம் உண்டு. கீழ்த்தாடை எலும்பினுள்ளே, உதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பொன்று ஓடுகின்றது. ஞானப் பல்லின் வேர்கள் சிலருக்கு அதன் அருகிலேயே அமைந்திருக்கும். நாக்குக்குரிய நரம்பும் தொலைவில் இல்லை. சத்திரசிகிச்சையின்போது இவற்றுக்கு ஊறு நேர்ந்தால் உதடோ நாக்கோ விறைத்துப் போகலாம். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களில், அல்லது மாதங்களில் மாறிவிடும். மிகச் சிலருக்கு நிலைத்துவிடுவதும் உண்டு. வாழ்நாள் முழுதும் ஒரு தீங்கும் செய்யாதிருக்கக்கூடிய பல்லுக்காக இந்த ஆபத்தை விலைக்கு வாங்குவானேன்?

முன்பற்கள் கோணாமலிருக்க ஞானப் பல்லைப் பிடுங்க வேண்டுமென்போரும் உளர். ஞானப் பல் தள்ளுவதாலேயே முன்பற்கள் நெருங்குகின்றன என்பது ஆராய்ச்சிகளால் நிறுவப்படவில்லை. கண்பார்வை பற்றிய அச்சமோ முற்றிலும் ஆதாரமற்றது. பார்வை நரம்பு மூளையிலிருந்து நேரே கண்ணுக்குச் செல்கின்றது. பல்லோடு அதற்குத் தொடர்பில்லை.

அப்படியாயின் எப்பொழுது பிடுங்க வேண்டும்? முரசு வீக்கம் மீண்டும் மீண்டும் வந்தாலும், அடைத்துக் காக்க முடியாத அளவுக்குச் சூத்தை விழுந்தாலும், சீழ் கட்டினாலும், பக்கத்துப் பல்லைக் கெடுத்தாலும், தாடை எலும்பில் நீர்க்கட்டி தோன்றினாலும் பல்லை எடுத்துவிடுதலே நலம். கடுமையில்லாத வீக்கம் ஒரு தடவை மாத்திரம் வந்ததாயின், வைத்தியர் அவ்விடத்தைச் சுத்தஞ்செய்து, பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். நோவில்லை என்பதனால் நோயில்லை என்று கொள்வதும் தவறு. ஆகவே விட்டுவைத்த பல்லையும் காலத்துக்குக் காலம் காட்டிவருதல் வேண்டும்.

வைத்தியரிடம் செல்வோர் வாய்மூடி இருந்துவிடாது நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இந்தப் பல்லில் இப்பொழுது நோய் உண்டா? விட்டுவைத்தால் என்ன நேரும்? எக்ஸ்ரே படத்தில் வேர் நரம்புக்கு எவ்வளவு அருகில் இருக்கின்றது? மிக அருகிலாயின், வேரை விட்டு மேற்பகுதியை மாத்திரம் வெட்டியெடுக்க இயலுமா? இவற்றுக்கு விடை கிடைத்தால் முடிவு தானே தெளிவாகும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பரீட்சை முடியட்டும் என்று மருந்துக்கடை மாத்திரைகளை விழுங்கி நாட்கடத்துவது பிழை. மாத்திரை நோவை மறைக்குமேயன்றி, முரசின் அடியிலுள்ள அழுக்கை அகற்றாது. முதல் வீக்கத்திலேயே பல் வைத்தியரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டுமென்றால் விடுமுறையில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மூன்றாம் நாட்களில் வீக்கம் மிகும், அது வடிய ஒரு வாரமளவு செல்லும். ஆனால் காய்ச்சலோடு வாய் திறவாமற் போனாலும், எச்சில் விழுங்க முடியாவிட்டாலும், கழுத்து வீங்கினாலும், மூச்சு முட்டினாலும் பரீட்சையையும் பாராது அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அந்நிலையில் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பல்லைப் பிடுங்கிய அன்று வாயைக் கொப்பளித்தல் கூடாது. குழியில் உறைந்த இரத்தமே காயத்துக்குக் காவல். மறுநாள் தொடக்கம் இளஞ்சூடான உப்பு நீராற் கொப்பளிக்கலாம். புகைப்போர் சில நாட்களுக்கேனும் சிகரெட்டைத் தொடாதிருத்தல் வேண்டும். மூன்றாம் நான்காம் நாளில் நோவு தணியாது மிகுந்தால் வைத்தியரிடம் மீண்டும் காட்டுக.

பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், பெற்றோர் அவனைப் பயமுறுத்தவும் வேண்டாம், "பல்நோவுதானே" என்று தட்டிக்கழிக்கவும் வேண்டாம். அழைத்துச் சென்று ஒரு தடவை படம் எடுத்துப் பார்த்தால், அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் இடையே சரியான வழி எதுவென்று தெரிந்துவிடும்.