அடைக்கோழி ஒன்று போதும்

கோழி வளர்க்க ஆசைப்பட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குஞ்சு பொரிக்கிற மிஷின் என்ன விலை அக்கா?" என்பதுதான். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்கிறேன். மிஷின் வேண்டாம், நல்ல அடைக்கோழி ஒன்று வாங்குங்கள். முட்டையைக் குஞ்சாக்கும் வேலையில் கோழிக்கு நாம் சொல்லித்தர ஒன்றும் இல்லை. குஞ்சு வெளியே வந்த பிறகு அதைக் காப்பாற்றுவதுதான் நம் பாடு. கொல்லைக் கோழியைக் கைவிட்டவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கைவிட்டிருக்கிறார்கள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அய்யலூர் பக்கம் எங்கள் ஊர். மானாவாரி நிலம், கரட்டு மண். திண்ணையில் தையல் மிஷின், கொல்லையில் முருங்கை மரம், அதற்கடியில் கோழிகள். தைத்துக்கொண்டே காதால் கோழி பார்க்கப் பழகிவிட்டேன். முட்டையிட இடம் தேடும் விடைக்கோழி ஒரு மாதிரி கேறும். இட்டு முடித்ததும் கொக்கரிப்பது வேறு. வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் நீட்டி ஒரு கத்து கத்தும், அடுத்த நொடி எல்லாம் செடிக்கடியில் பதுங்கிவிடும். கீரியோ நாயோ தரையில் வந்தால் விட்டுவிட்டு கெக்கெக்கென்று ஓயாத கூச்சல், தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். மேலிருந்து வரும் ஆபத்துக்கு ஒரு குரல், தரையில் வருவதற்கு இன்னொரு குரல் என்று ஆராய்ச்சியாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் குரல் கேட்டால் நான் வெளியே ஓடுவதில்லை. இரண்டாவது கேட்டால் கத்திரிக்கோலைக் கீழே போட்டுவிட்டு ஓடுவேன்.

எங்கள் பக்கத்துக் கோழி சிறுவிடை. உடம்பு சிறியது, கால் சுறுசுறுப்பு, தீனி செலவு குறைவு, அடையில் உட்கார்ந்தால் அசையாது. பெருவிடையை வளர்ப்பவர்கள் சேவலின் உயரத்துக்காகவும் எடைக்காகவும் வளர்க்கிறார்கள். கொல்லையில் குஞ்சு பெருக வேண்டுமென்றால் சிறுவிடைதான் என் கட்சி. நாமக்கல் பண்ணைகளில் முட்டையிடும் வெள்ளைக்கோழி லெகார்ன் வழி வந்தது. வருடத்துக்கு 300 முட்டைக்கு மேல் இடும், ஆனால் அடைக்கு உட்காராது. புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறும்போதுதான் கோழிக்கு அடை வரும், முட்டையும் நிற்கும். முட்டை நிற்கக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிவு செய்ததில் அந்தக் குணமே லெகார்னிடம் அற்றுப்போய்விட்டது.

வீட்டுக்கோழிக்கு மூதாதை செங்காட்டுக்கோழி என்பார்கள். அது சரிதான். ஆனால் பல கோழிகளின் காலில் நாம் பார்க்கும் மஞ்சள் தோல், நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என்று 2008இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. பழனி மலைக் காடுகளில் விடியற்காலையில் கூவுகிற அதே பறவை. இதைப் படித்த பிறகு என் கோழிகளின் காலைப் பார்க்கும் பார்வையே எனக்கு மாறிவிட்டது.

அய்யலூரில் வியாழக்கிழமை சந்தை. ஆட்டோடு நாட்டுக்கோழியும் சேவலும் கூடையிலும் சாக்கிலும் வந்து இறங்கும். கோழியைக் கையில் வாங்கியதும் நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி குத்தினால் வேண்டாம். பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருந்தாலும் வேண்டாம். காதருகே கொண்டுபோய் மூச்சைக் கேளுங்கள், கறகறவென்று சத்தம் வரக்கூடாது. வாங்கி வந்ததை நேரே பழைய கோழிகளோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரமாவது தனியே அடைத்து வையுங்கள். சந்தையிலிருந்து கோழி மட்டும் வருவதில்லை, நோயும் கூடவே வரும்.

இனி முட்டை. சிறுவிடை ஒரு ஈட்டுக்கு 12, 15 முட்டை இடும். பிறகு கூட்டை விட்டு எழாது, கிட்டே போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், கையை நீட்டினால் கொத்தும். நெஞ்சுக்கடியில் இறகு உதிர்ந்து தோல் சுடும். அதுதான் அடை. அதற்குமுன் இட்ட முட்டைகளை அன்றன்றே எடுத்துச் சேர்த்து வைக்க வேண்டும். ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ் தாண்டினாலே கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். போதிய சூடு கிடைக்காமல் அரைகுறையாக வளர்ந்து செத்தும் போகும். எங்கள் ஊரில் சித்திரை மாதம் வீட்டுக்குள்ளேயே அதைவிடச் சூடு. அதனால் வாய் அகன்ற மண்சட்டியில் மணல் போட்டு ஈரப்படுத்தி, மேலே சாக்குத்துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி முட்டைகளை நிறுத்தி வைக்கிறேன். குளிர்காலத்தில் 10 நாள் தாங்கும், கோடையில் 5 நாளுக்கு மேல் வைத்த முட்டையை நான் அடைக்குப் போடுவதில்லை.

முட்டையைக் கழுவவே கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றை மூடிக்கொண்டு ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய்விடும், கிருமி உள்ளே இறங்கும். அழுக்கான முட்டையைக் குழம்புக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சேவல் இல்லாத வீட்டு முட்டை எத்தனை நாள் அடை வைத்தாலும் கூமுட்டைதான். எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவல் போன பிறகும் பெட்டையின் உடலில் விந்து 10 நாளுக்கு மேல்கூட உயிரோடு தங்கியிருக்கும்.

அகலமான பழைய கூடையில் மணல், அதன்மேல் வைக்கோல், நடுவில் சிறு பள்ளம். இருட்டான மூலை. இரவில்தான் கோழியை மாற்றி உட்கார வைக்க வேண்டும், பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். எல்லா முட்டையையும் ஒரே நேரத்தில் வைத்தால்தான் ஒரே நாளில் பொரிக்கும். சிறுவிடைக்கு 11, உடம்பு கொஞ்சம் பெரியது என்றால் 13. இறக்கைக்கு வெளியே ஒரு முட்டை தெரிந்தாலும் குறைத்துவிடுங்கள். அது தினம் ஓரத்திலேயே கிடக்காது. கோழி புரட்டப் புரட்ட எல்லா முட்டையும் முறைவைத்து ஓரத்துக்கு வந்து குளிர்ந்து கெடும்.

என் அத்தை அடை வைக்கும்போது கூடைக்கடியில் ஒரு கரித்துண்டு, ஒரு மிளகாய் வற்றல், ஒரு இரும்பு ஆணி போடுவார். "இடி இடிச்சா முட்டை கலங்கிப் போகும்மா" என்பார். முட்டையும் ஒற்றைப்படையாகத்தான் வைப்பார். நானும் அப்படியே செய்கிறேன். இடிக்கும் முட்டைக்கும் என்ன தொடர்பு என்று வாதாட எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒன்றில் மட்டும் அத்தையோடு ஒத்துப்போக முடியவில்லை. வேண்டாத நேரத்தில் அடைக்கு உட்கார்ந்த கோழியின் மூக்கில் இறகைக் குத்தி அடையைத் தெளிய வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது சித்திரவதை. அடியில் காற்று போகும் கம்பிக்கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் நெஞ்சுச்சூடு ஆறி அடை தானே தெளிந்துவிடும்.

இருபத்தொரு நாள். கோழி தினம் ஒரு தடவை, கால் மணி நேரம் போல எழுந்து வரும். பெரிய கட்டியாக எச்சமிடும், அவசரமாகத் தின்னும், புழுதியில் புரளும், திரும்ப ஓடும். அந்த நேரத்தில் வேறு கோழி கூடையில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஏழாம் நாள் இரவு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செல்போன் டார்ச்சின் மேல் வைத்துப் பார்ப்பேன். உயிருள்ள முட்டையில் சிலந்தி உட்கார்ந்ததுபோல ஒரு கரும்புள்ளியும் சுற்றிலும் சிவப்பு நரம்புகளும் தெரியும். உற்றுப் பார்த்தால் புள்ளி அசையும். ஒன்றும் இல்லாமல் வெளிறித் தெரிவதை எடுத்துவிட வேண்டும். விட்டுவைத்தால் உள்ளே அழுகி வெடித்து, நல்ல முட்டைகளையும் நாசமாக்கிவிடும்.

பதினெட்டாம் நாளுக்குப் பிறகு கை வைக்கக்கூடாது. முட்டையின் அகன்ற பக்கத்தில் காற்றறை இருக்கிறது. குஞ்சு முதலில் அதைத்தான் குத்தித் திறந்து முதல் மூச்சை இழுக்கும். அப்போதே ஓட்டுக்குள்ளிருந்து கீச்சுக்குரல் வரும், கோழியும் அடிக்குரலில் பதில் கொடுக்கும். அலகின் நுனியில் ஓட்டை உடைப்பதற்கென்றே ஒரு சிறு முள் முளைத்திருக்கும், பொரித்த சில நாளில் உதிர்ந்துவிடும். ஓட்டில் முதல் விரிசல் விழுந்த பிறகும் முழுசாக வெளியே வர அரை நாள், சிலசமயம் ஒரு நாள்கூட ஆகும். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கை பரபரக்கும். உரித்துவிடாதீர்கள். சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கரு வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். நாம் உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு போய்விடும். அந்த மஞ்சள் கருவே இரண்டு நாளைக்கு உணவு. பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சைத் தீனியில்லாமல் வெளியூருக்கு அனுப்ப முடிவதும் அதனால்தான்.

இதுவரை எல்லாம் கோழியின் வேலை. இனிமேல்தான் நம்முடையது.

முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் போட்டு மூடுகிறேன். காக்கைக்கு அதுதான் மருந்து. தண்ணீர்த்தட்டில் கூழாங்கற்களைப் போட்டு வைக்கிறேன், கற்களுக்கு நடுவே அலகு நுழையும், குஞ்சு விழுந்து நனையாது. நனைந்த குஞ்சு இரவுக் குளிரில் நிற்காது. தீனிக்கு நொய்யரிசியும் உடைத்த கம்பும். அவை மட்டும் போதாது, புரதம் வேண்டும். பழைய மண்பானையில் ஈரச்சாணி, ஓலைத்துண்டு, கிழிந்த சாக்கு எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பேன். காலையில் எடுத்துத் தட்டினால் கரையான் கொட்டும். "பா பா பா" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். கரையான் தின்னும் குஞ்சுக்கு இறகு முளைக்கிற வேகமே வேறு.

ஆனால் பருந்தும் கீரியும் ஒன்றிரண்டைத்தான் கொண்டுபோகும். வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் தெருவே காலி. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும், இறக்கை தொங்கும். இது வைரஸ் நோய். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தின் பெயரால் வழங்குகிற நோய்தான் இது. 1920களின் பிற்பகுதியில் குமாவோன் மலையில் உள்ள ராணிக்கேத்திலும் கண்டுபிடிக்கப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் ஆயிற்று. அதற்கு எதிராக நாம் இன்றும் போடும் ஆர்2பி தடுப்பூசி, 1940களில் அதே குமாவோனின் முக்தேஸ்வர் ஆய்வு நிலையத்தில் உருவானது. வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. சீரகம், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுக்கிறார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். தடுப்பூசி போட்ட கோழிக்கு அது கூடுதல் பலம். போடாத கோழியை அது காப்பாற்றாது.

ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் மறுபடி சொட்டு மருந்து, எட்டாம் வாரம் இறக்கையில் ஆர்2பி ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் நாள் சொல்வார்கள். பிப்ரவரி வாக்கில் கோடைக்கு முன்னால் ஊர் ஊராக இலவச முகாமும் போடுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், குப்பி ஒன்றில் 100 கோழிக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவள் தனக்கென்று ஒரு குப்பி உடைக்க முடியாது. அதனால் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுப் பெண்கள் பேசிவைத்து ஒரே வாரத்தில் அடை வைக்கிறோம். குஞ்சுகளின் ஏழாம் நாள் எல்லோருக்கும் ஒன்றாக வரும்.

வெயில் ஏறுவதற்கு முன் எங்கள் திண்ணையில் கூடுவோம். ஐஸ் போட்ட தூக்குவாளிக்குள் குப்பி. குஞ்சை இடதுகைக்குள் பொதித்து, தலையைக் கட்டைவிரலால் சாய்த்து, ஒரு சொட்டு விட வேண்டும். உடனே விடக்கூடாது. கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே விட வேண்டும். எதிர்வீட்டுப் பெண் முதல் தடவை வந்தபோது, "அக்கா, நோய் இல்லாத குஞ்சுக்கு எதுக்கு மருந்து?" என்றாள். "நோய் வந்தப்புறம் மருந்து இல்ல தாயி, அதான்" என்றேன். இப்போது தெருவை எழுப்புவதே அவள்தான்.

இந்தக் கோழிக்காசு பெண்களின் சிறுவாட்டுக் காசு. பள்ளிக்கூட நோட்டுக்கும், பண்டிகைத் துணிக்கும், யாரிடமும் கேட்காமல் டப்பாவிலிருந்து எடுக்கிற காசு. கோழி செத்தால் சாகிறது அந்த டப்பாதான். அதனால்தான் சொட்டு மருந்தைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன்.

தாய் இரண்டு, மூன்று மாதத்தில் குஞ்சுகளைக் கொத்தித் துரத்திவிட்டு மறுபடி முட்டைக்கு வரும். முட்டை இட, அடை காக்க, குஞ்சு வளர்க்க என்று ஒரு சுற்றுக்கு நான்கு மாதம் போல ஆகிவிடும், வருடத்துக்கு மூன்று ஈடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த சேவல்களைத் தீபாவளியை ஒட்டி விற்றுவிடுங்கள், பெட்டைகளை நிறுத்திக்கொள்ளுங்கள். இனத்துக்கு ஒரு சேவல் வேண்டும், ஆனால் சொந்தக் கொல்லையில் பிறந்ததை வைக்காதீர்கள். ஒரே ரத்தம் சேர்ந்தால் இரண்டு மூன்று தலைமுறையில் பொரிப்பு குறையும், குஞ்சு நோஞ்சானாகும். வருடத்துக்கு ஒருமுறை வேறு ஊர்க்காரரோடு சேவலை மாற்றிக்கொள்ளலாம். வடமதுரைப் பக்கம் என் நாத்தனார் வீட்டில் நல்ல செவலைச் சேவல் ஒன்று நிற்கிறது. மழை விட்டதும் எங்கள் கருப்பனைக் கொடுத்துவிட்டு அதைக் கொண்டுவருவதாகப் பேச்சு.