சுவரிற் கற்பதிப்பு

கல்லினாற் சுவரெடுத்தல் ஒன்று. எடுத்த சுவருக்குக் கல்லால் மேலணி செய்தல் பிறிதொன்று. முன்னதிற் கல்லே பாரத்தைத் தாங்குகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற கற்கள் தம் நிறையாலேயே நிலைபெறுவன. சாந்து இன்றியும் அவை நிற்றல் கூடும். பின்னதிலோ கல் தாங்கப்படும் பொருளாகின்றது. நிலத்தை நோக்கி ஓயாது இழுக்கும் புவியீர்ப்புக்கு எதிராக அதனைச் செங்குத்தான சுவரிலே பிடித்து வைத்திருப்பது யாது? சுவரணியாகக் கல்லைப் பயன்படுத்திய ஒவ்வொரு நாகரிகமும் இவ்வினாவுக்குத் தனக்கேற்ற விடையொன்றைக் கண்டது. அவ்விடைகளுட் சிலவற்றையும், இக்காலத்து முறையையும் ஈண்டு ஆராய்வாம். சிறு கற்களைப் பொருத்தி உருவோ கோலமோ அமைக்கும் மொசைக் வேலையைக் கற்பதிப்பு என்னும் பெயரால் வழங்குவாம்.

நாமறிந்தவற்றுள் மிகப் பழைய விடை, ஈராக்கு நாட்டின் தென்பாகத்திலுள்ள உரூக் என்னும் பண்டை நகரின் இடிபாடுகளிற் கிடைத்தது. கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டில் அங்கே எழுந்த கோயிலொன்றின் சுவர்கள் வண்ணக் கற்கூம்புகளால் அணிசெய்யப்பட்டிருந்தன. அதனாலேயே ஆராய்ச்சியாளர் அதனைக் கற்கூம்புக் கோயில் என அழைக்கின்றனர். கூம்பின் கூர்முனை ஈரச் சாந்தினுள்ளே செல்ல, அதன் வட்டமான அடிப்பாகம் மாத்திரம் வெளியே தோன்றும். அத்தகைய வட்டங்கள் ஆயிரக்கணக்கிற் சேர்ந்து கோலமாயின. அந்நகரின் வேறு கட்டிடங்களிற் கல்லுக்குப் பதிலாகச் சுட்ட களிமண் கூம்புகளும் காணப்படுகின்றன. ஆணி மரத்தைப் பற்றுவதுபோலக் கூம்பு சுவரைப் பற்றியது. முகம் சிறிது, உடல் முழுவதும் சுவரினுள்ளே. இத்தகைய கல் எளிதில் விழுமா?

பைசாந்தியர் காலத்தில் கூம்பு மறைந்து கனசதுரம் வந்தது. இத்தாலியின் இராவென்னா நகரிலே கி. பி. 547 இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் வித்தாலே தேவாலயத்திற் காணப்படுவன போன்ற பதிப்புகளில், ஒரு சென்ரிமீற்றர் அளவினவான கண்ணாடித் துண்டுகளும் கற்றுண்டுகளும் சுண்ணாம்புச் சாந்திற் பதிக்கப்பட்டன. சாந்து பல படைகளாகப் பூசப்படும். இறுதிப் படையை, அது இறுகுமுன் பதித்து முடிக்கத்தக்க அளவுக்கே பூசுவர். துண்டை அழுத்தும்போது சாந்து நாற்புறமும் மேலெழுந்து அதன் பக்கங்களைக் கவ்விக்கொள்ளும். சுண்ணாம்பு வளியிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொண்டு கல்சியங் காபனேற்றாக மாறுவது; அஃதாவது, சூளையில் வெந்த சுண்ணாம்புக்கல் சுவரில் மீளவுங் கல்லாகின்றது. சுண்ணாம்புச் சூளைகளைக் கண்டு வளர்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு இது புதிய செய்தியன்று.

நிற்க. இயற்கைக் கல்லினாற் சுவரணி செய்த முயற்சிகளுள் நம் காலத்தை அடுத்து எழுந்த பெருமுயற்சி ஒன்றுண்டு. அது கல்லூரி மாணவரும் ஆசிரியரும் விரும்பத்தக்க இடமொன்றில், நூலகமொன்றின் சுவரில், அமைந்துள்ளது. மெக்சிக்கோ தேசியப் பல்கலைக்கழகத்தின் மத்திய நூலகமே அது. யுவான் ஓ’கோர்மன் என்பார் (1905–1982) கட்டிடக் கலைஞராகவும் ஓவியராகவும் விளங்கியவர். அவர் வேறிரு கட்டிடக் கலைஞருடன் சேர்ந்து அதனை வகுத்தார். 1950 ஐ அடுத்த ஆண்டுகளில் எழுந்த அக்கட்டிடம் 1956 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதத்தில் திறக்கப்பட்டது. பல்கலைக்கழக நகரம் 2007 இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது இந்நூலகமும் அதில் அடங்கியது.

நூல்களை அடுக்கிவைக்கும் கோபுரம் பல மாடிகளைக் கொண்டது. வெயில் நூல்களுக்குப் பகையாதலின் அதற்குச் சாளரம் மிகக் குறைவு. சாளரமற்ற நாற்புறச் சுவர் கண்ணுக்குப் பெட்டிபோலத் தோன்றும். அவ்வெற்றுச் சுவரையே ஓ’கோர்மன் ஏடாகக் கொண்டார். வடபுறத்தில் எசுப்பானியர் வருமுன் இருந்த உலகம். தென்புறத்தில் குடியேற்றக் காலம். எஞ்சிய இருபுறமும் தற்காலமும் பல்கலைக்கழகமும் என, ஏறக்குறைய 4000 சதுர மீற்றர்ப் பரப்பிலே தம் நாட்டு வரலாற்றைக் கல்லால் எழுதினார்.

வண்ணம் தீட்டியிருக்கலாகாதோ என்பார்க்கு விடை எளிது. வெயிலும் மழையும் படும் வெளிச்சுவரிலே தீட்டிய வண்ணம் மங்கும்; கல்லின் நிறம் அதன் உடம்போடு கூடியது. ஆகவே அவர் நாட்டின் பல பகுதிகளுக்குஞ் சென்று, சுரங்கங்களிலும் மலைகளிலும் கற்களைத் தேடினார். சிவப்பு, மஞ்சள், பச்சை, கருமை, வெண்மை ஆகியன கிடைத்தன. நீலக் கல் மாத்திரம் வேண்டியவாறு கிடைத்திலது. நீலத்துக்கு வண்ணக் கண்ணாடியைப் பயன்படுத்த நேர்ந்தது. இயற்கைக் கல்லே என்று தொடங்கிய வேலையில் இக்குறை அவருக்கு உறுத்தியிருக்கும் போலும்; ஆயினும் பார்ப்பவர் கண்ணுக்கு அது குறையாகத் தோன்றுவதில்லை.

இனி, கல்லைச் சுவரிற் பிடித்துவைத்த முறையைக் காண்பாம். பத்து மாடி உயரத்தில் சாரத்தின்மேல் நின்று ஒவ்வொரு கல்லாகப் பதிப்பதாயின் வேலை எக்காலத்தில் முடியும்? ஓ’கோர்மன் முன்னரே, 1940 களில், ஓவியர் தியேகோ இறிவேரா கட்டிய அனாவாக்கல்லி என்னும் மண்டபத்தின் விதானங்களில் வேறொரு முறையை அவருடன் சேர்ந்து கையாண்டு பார்த்திருந்தார். கல்லைச் சாந்தில் வைப்பதன்றிச் சாந்தைக் கல்லின்மேல் ஊற்றுவதே அம்முறை. நூலகத்துக்கு அது பின்வருமாறு விரிந்தது. முழு அளவிலே வரைந்த படம் ஒவ்வொரு மீற்றர்ச் சதுரமாகப் பகுக்கப்பட்டது. நிலத்தில் வைத்த சட்டகத்தினுள்ளே படத்தைப் பின்பற்றிக் கற்கள் முகங் கீழாகக் கிடத்தப்பட்டன. அவற்றின்மேல் கொங்கிறீற்று ஊற்றப்பட்டது. இறுகியபின் பலகையைத் தூக்கிப் புரட்டினால் கல்முகம் வெளிப்படும். பின்னர் அப்பலகைகள் சுவரிலே பொருத்தப்பட்டன.

இம்முறையின் அருமை இரண்டு. கற்கள் ஒரே தடிப்பினவாக இருத்தல் வேண்டியதில்லை. முகம் தட்டையான தளத்திற் படிந்திருக்க, முதுகின் மேடுபள்ளங்களைக் கொங்கிறீற்று தானே நிரப்பிக்கொள்ளும். அம்மேடுபள்ளங்களே பிடிப்பைத் தருவனவும் ஆகும். மற்றொன்று, தொழிலாளி நிழலில், நிலத்தில் இருந்து வேலை செய்யலாம். ஆனால் ஒரு தொல்லையும் உண்டு. முகங் கீழாகக் கிடத்தும்போது இடம் வலமாகும், வலம் இடமாகும். எனவே படத்தைக் கண்ணாடியிற் கண்டதுபோலத் தலைமாறி வரைதல் வேண்டும். அன்றியும், வேலை செய்பவன் தான் செய்வதன் முகத்தைக் காணான். கற்களின் முதுகைக் கண்டே முகத்தை ஊகித்துக்கொண்டு செல்லும் அத்தொழிலாளரின் திறமை பெரிதும் பேசப்படுவதில்லை; பேசப்படவேண்டியது.

1985 இல் மெக்சிக்கோ நகரை உலுக்கிய நில அதிர்ச்சிக்குப் பின்னும் நூலகம் நிலைத்திருக்கின்றது. அப்புகழ் முழுவதையுங் கற்பதிப்புக்கே கொடுத்தல் தகாது. நகரின் நடுப்பகுதி பழைய ஏரிப் படுகையின் மென்மண்ணில் அமைந்தது. பல்கலைக்கழகமோ எரிமலைக் குழம்பு உறைந்த பாறைமேல் நிற்பது. பாறையில் அதிர்ச்சி குறைவு.

சிறு கல்லுக்கு மாறாகப் பெருங்கற் பலகையை மெல்லியதாக அறுத்துத் தொங்கவிட்டால் யாது நேரும் என்பதைச் சிக்காகோ நகரம் அறிந்தது. 1973 அளவில் எழுந்த எண்ணெய்க் குழுமமொன்றின் மாளிகைக்கு இத்தாலியக் கறாறா மாபிளால் ஏறக்குறைய 43,000 பலகைகள் போர்த்தப்பட்டன. அவற்றின் தடிப்பு மூன்று சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. சில ஆண்டுகளில் அவை வில்லென வளைந்தன. 1990 க்கும் 1992 க்கும் இடையில் எல்லாவற்றையும் கழற்றிக் கருங்கல் வகையொன்றைப் பொருத்த நேர்ந்தது. மாபிளின் ஆக்கப் பொருளான கல்சைற்றுப் பளிங்கு, வெப்பத்தால் ஒரு திசையில் விரிந்து அதற்குச் செங்குத்தான திசையிற் சுருங்கும் இயல்பினது. நாள்தோறும் வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்க, பளிங்குகளுக்கிடையேயுள்ள பிணைப்புத் தளர்ந்தது. சிறு கற்களாலாகிய பதிப்பில் வளைவதற்கு வேண்டிய நீளமே இல்லை. இடையிலுள்ள சாந்துக் கோடுகள் ஒவ்வொன்றும் அசைவைச் சிறிது ஏற்றுக்கொள்கின்றன.

இக்காலத்து வீடுகளிலும் மண்டபங்களிலும் காண்பது மேற்கூறிய யாவற்றினும் மெல்லிய வகை. ஒரு சென்ரிமீற்றர்த் தடிப்புள்ள சிறு கற்கள், முப்பது சென்ரிமீற்றர்ச் சதுரமான கண்ணாடியிழை வலையில் ஒட்டப்பெற்றுத் தாள்களாக விற்பனைக்கு வருகின்றன. உரூக்கில் உடல் முழுவதாற் பற்றிய கல், இங்கே சில மில்லிமீற்றர் ஒட்டுச்சாந்தை மாத்திரம் நம்பி நிற்கின்றது. பிடிப்பு ஆழத்தை விட்டு மேற்பரப்புக்கு வந்துவிட்டது. ஆதலின், பின்னாலுள்ள சுவர் எத்தகையது என்பதே இங்கு முதற் கேள்வி.

கணக்கொன்று பார்ப்போம். கல்லின் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2700 கிலோகிராம். ஒரு சென்ரிமீற்றர்த் தடிப்பில் ஒரு சதுர மீற்றர்ப் பரப்பு 27 கிலோகிராமாகும். ஜிப்சம் பூசிய சுவர் ஒட்டுச்சாந்து உட்பட ஒரு சதுர மீற்றருக்கு 20 கிலோகிராமுக்கு மேல் தாங்கலாகாது என்பது பிரித்தானியக் கட்டிட வழக்கு. எனவே, வழவழப்பான அழகிய ஜிப்சம் பூச்சின்மேல் இக்கல்லை ஒட்டுவது தொடக்கத்திலேயே தவறாகும். சீமெந்துக் காரையே தக்கது. அதுவும் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி எழாததாக இருத்தல் வேண்டும். பழைய வண்ணத்தின்மேல் ஒட்டினால் கல் வண்ணத்தைப் பற்றும். வண்ணம் சுவரைப் பற்றியிருக்கின்றதா என்பதை எவரும் அறியார். அதனைச் சுரண்டி நீக்குவதே நன்று. புதிதாகப் பூசிய காரைக்கு இரண்டு வாரமும், புதுக் கொங்கிறீற்றுக்கு ஆறு வாரமும் உலர்ந்து சுருங்கக் காலங் கொடுத்தல் வழக்கம். அவசரக்காரர் இதனையே முதலிற் கைவிடுவர்.

ஒட்டுச்சாந்து என்பது சீமெந்தும் நுண்மணலும் நெகிழ்ச்சி தரும் பல்பகுதியப் பொருளும் கலந்த தூள். அதனை நீரிற் குழைத்து, பல்வெட்டிய சாந்தகப்பையால் ஒரே திசையில் வரியாக இழுத்துப் பூசுவர். கல்லை அழுத்தி அசைக்கும்போது அவ்வரிகள் சரிந்து இடைவெளியின்றிப் பரவும். வெளிச்சுவரிலும் நீர்படும் இடத்திலும் கல்லின் முதுகில் 100 க்கு 95 பங்கு சாந்து படிந்திருத்தல் வேண்டும் என்று அமெரிக்க நியமம் கூறுகின்றது. நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வோர் உருண்டை வைத்து ஒட்டும் வழக்கம் எங்கும் உண்டு. விழுந்த கல்லின் முதுகைப் புரட்டிப் பார்த்தால் அவ்வைந்து பொட்டுகளும் சாட்சியாக இருக்கும். வேறு சில கற்களின் முதுகில் சாந்தே ஒட்டியிராது. வெயிலில் பூசி வெகுநேரம் விட்டமையால் சாந்தின்மேல் ஆடை படிந்தபின் வைத்த கல் அது. வலையின் பசை கல்லின் முதுகை முழுதும் மூடியிருப்பின் சாந்து கல்லைத் தொடுவதேயில்லை. வாங்குமுன் தாளைப் புரட்டிப் பார்த்தல் நலம்.

அடியில் நீர்மட்டம் பார்த்து மரச்சட்டம் ஒன்றை அறைந்து, அதன்மேல் முதல் வரிசையை நிறுத்தி மேலே செல்வர். வெளிர்நிற மாபிளுக்கு வெண்சாந்தே வேண்டும். சாம்பல்நிறச் சாந்து கல்லினூடே நிழலாகத் தோன்றும். பச்சை மாபிள் என்று விற்கப்படும் கற்களுட் சில உண்மையில் மாபிள் அல்ல. அவை நீர்ச் சாந்தின் ஈரத்தை உறிஞ்சி வளைவன. அவற்றுக்கு நீரற்ற எப்பொட்சிப் பசையே பொருந்தும். பத்து மீற்றர் நீளமான சுவர், வெப்பம் 30 பாகை ஏறுமிடத்து ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் நீளும். மூலைகளிலும் நீண்ட பரப்பின் இடையிடையேயும் சாந்துக்குப் பதிலாகச் சிலிக்கோன் போன்ற மீள்தன்மைப் பொருளை இடாவிடின், அந்த மூன்று மில்லிமீற்றரும் கல்லைத் தள்ளியே தனக்கு இடந் தேடும்.

கல்லின் மேல் வெண்பொடி பூத்தலைக் கண்டு பலர் கல்லைக் குறைகூறுவர். சுவரினுள்ளே புகுந்த நீர், சீமெந்திலுள்ள உப்புகளைக் கரைத்து வெளியே கொணர்ந்து தான் ஆவியாகும்போது விட்டுச் செல்வதே அப்பொடி. நீர் புகும் வழியை அடைத்தாலன்றித் துடைத்தலாற் பயனில்லை. அதனைப் போக்கவென்று புளிக்காடியோ எலுமிச்சஞ் சாறோ இடுவாரும் உளர். கருங்கல் அதனைப் பொறுக்கும். சுண்ணாம்புக் கல்லும் மாபிளும் அமிலம் பட்ட இடத்திற் கரைந்து மெருகிழக்கும். அவ்வடுவை மீண்டுந் தேய்த்து மெருகூட்டியே போக்கலாம். உலர்ந்த தூரிகையால் துலக்கிப் பின் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்தலே போதும்.