நாய்க்குட்டிக்கும் எடைக் கணக்கு உண்டு!

அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களில் சிலர் நாய், பூனைகளை ஏற்றிச் செல்கிறார்கள். ஏன் தெரியுமா? தென் மாநிலக் காப்பகங்களில் இடமில்லாமல் பல நாய்கள் கொல்லப்படுகின்றன. வடக்கே எடுத்து வளர்க்க ஆள் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துவைக்க 2008-ல் தென் கரோலினாவில் 'பைலட்ஸ் என் பாஸ்' அமைப்பு தொடங்கியது. பைலட்டுக்குக் கூலி கிடையாது. பெட்ரோல் செலவும் அவருடையதே.

ஆனால் இரக்கம் மட்டும் இருந்தால் விமானம் எழும்பாது. 180 குதிரைத்திறன் கொண்ட செஸ்னா 172எஸ், எல்லாம் சேர்த்து 1157 கிலோவுக்கு மேல் கிளம்பக்கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோலே 0.72 கிலோ. நாய் கூடினால் பெட்ரோலைக் குறைக்கணும். குறைத்தால் வழியில் இறங்கி நிரப்பணும்.

எடை சரியானால் போதுமா? கூண்டுகளைப் பின்னால் குவித்தால் ஈர்ப்பு மையம் பின்னே போய் மூக்கு தூக்கிக்கொள்ளும். வேகம் குறைந்து இறக்கை தூக்குவிசையை இழந்தால் மீட்பது கஷ்டம்.

"பின்பாரம் ஏத்தாதேடா, நுகம் தூக்கிக்கும்" என்பார் மாட்டுவண்டி ஓட்டும் எங்க அப்பா. நாம் வகுப்பில் போடும் மொமென்ட் கணக்கு, எடை பெருக்கல் தூரம், அதுதான்!

கணக்கு ஒத்துவரலைன்னா, வாலாட்டி நிற்கும் நாயையும் அடுத்த விமானத்துக்கு விட்டுத்தான் ஆகணும். ஏறிவிட்ட நாய்களின் உயிர் அந்தக் கணக்கில்தான் இருக்கு.