தினமும் கொஞ்சம் – 9: கணக்கு எழுதிய கை

புதுச்சேரியில் ரங்கப்பிள்ளை வீதி என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த ரங்கப்பிள்ளை, அதாவது ஆனந்தரங்கப் பிள்ளை, யார் என்று கேட்டால், ‘டைரி எழுதினாரே, அவர்தான்’ என்பார்கள். அவர் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் தலைமை துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தது, ‘ஆனந்தப்புரவி’ என்று சொந்தக் கப்பல் விட்டது, பெரிய வர்த்தகராக வாழ்ந்தது எல்லாம் அதற்குப் பிறகுதான் பேச்சில் வரும். ஊரே தலைவணங்கிய பதவி பின்னுக்குப் போய், உட்கார்ந்து எழுதிய பழக்கம் ஒரு மனிதருக்கு அடையாளமாகி நிற்கிறது.

ஜனவரியில் எடுக்கும் பெரிய தீர்மானங்கள் ஏன் பொங்கலுக்குள் தளர்ந்துவிடுகின்றன என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் ஆனந்தரங்கப் பிள்ளையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அவருடைய தொடக்கம் அவ்வளவு சிறியது என்பதுதான்.

1709-இல் சென்னை பெரம்பூரில் பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு புதுச்சேரிக்கு வந்து வியாபாரத்தில் காலூன்றினார். 1736 செப்டம்பர் 6, நள வருஷம் ஆவணி மாதம், பிள்ளை குறிப்பு எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 27. அப்போது அவர் துபாஷி இல்லை. துய்ப்ளேக்ஸ் புதுச்சேரிக்கு கவர்னராக வரவே இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும், கப்பல் வந்ததையும் போனதையும் எழுதி வைப்போம் என்ற அளவில்தான் முதல் நாள் எண்ணம்.

வியாபாரி வீட்டில் வரவு செலவை எழுதாமல் நாள் முடியாது. எழுதுகிற கை ஏற்கெனவே இருந்தது. கணக்கு எழுதுகிற மாதிரியான பெரிய ஏடுகளில்தான் பிள்ளையும் தன் குறிப்பை எழுதினார். தமிழ் வருஷம், மாதம், தேதி, கிழமை என்று ஒழுங்காகப் போட்டுவிட்டு, அதன்கீழ் அன்றைய சங்கதி. நடையும் அவர் பேசிய தமிழேதான். பிரெஞ்சு, போர்ச்சுகீசியம், உருது எல்லாம் அதில் இயல்பாகப் புழங்கும். கவிதை எழுதுவதற்கோ சரித்திரம் படைப்பதற்கோ அவர் உட்காரவில்லை. பழகிய வேலைக்குப் பக்கத்தில் இன்னொரு வேலையை உட்கார வைத்தார். அது நிலைத்ததற்கு இதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. அந்தத் தொகுதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். முதல் தொகுதியில் ஏறக்குறைய பத்து வருஷம் அடங்கிவிடுகிறது. இரண்டாம் தொகுதியோ 1746-ஆம் ஆண்டின் சில மாதங்களிலேயே நிரம்பிவிடுகிறது. அந்த ஆண்டில்தான் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. எழுத விஷயம் இருந்தது உண்மை. ஆனால் அப்படி ஒரு நாள் வந்தபோது, பத்து வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிய கண்ணும் கையும் தயாராக இருந்தன. இடையில் எழுதாத நாட்களும் உண்டு, தொலைந்துபோன ஏடுகளும் உண்டு. விட்ட இடத்தைப் பற்றி அவர் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. மறுபடி தேதியைப் போட்டு எழுதினார்.

பழக்கம் எப்படி ஊறுகிறது என்பதை நம் காலத்தில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. ஒரு சின்னச் செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில், காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோல, செய்து வரச் சொன்னார்கள். அது தானாக வரும் பழக்கமாக ஊற எடுக்கும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. நடுவான கணக்கு 66. இடையில் ஒரு நாள் தவறியதால் குடி முழுகிவிடவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். பாதியில் விட்டுவிட்டோமே என்று குமைகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளையின் குறிப்பில் எல்லாமே உயர்ந்த விஷயங்கள் இல்லை. தன்னைப் பிறர் புகழ்ந்ததை விடாமல் எழுதுகிறார். சகுனம், ஜாதகம், துய்ப்ளேக்ஸ் மனைவியோடு இருந்த பகை எல்லாம் வருகின்றன. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். எவ்வளவோ செல்வாக்கு இருந்தும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் நடந்ததை எழுதி வைத்தார். அந்த இடிப்பைப் பற்றி ஊர்க்காரர் ஒருவரின் வாக்குமூலம் நம்மிடம் இருப்பது அந்தப் பழக்கத்தால்தான்.

துபாஷிப் பதவி 1747-இல் முறைப்படி கிடைத்தது, 1756-இல் போய்விட்டது. அதன் பிறகும் அவர் எழுதினார். உடம்பு தளர்ந்து, 1761 ஜனவரியில் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை இழக்கிற நேரத்தில் கண்மூடும் வரைக்கும் குறிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பதவிக்கு ஒன்பது வருஷம், பழக்கத்துக்கு கால் நூற்றாண்டு. அவருக்குப் பின் அதே குடும்பத்தைச் சேர்ந்த ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை 1761 முதல் 1768 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். இரண்டு நூற்றாண்டு கழித்து, பிள்ளையின் ஏடுகளிலிருந்து பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்ற இரு நாவல்களை எடுத்தார். இரண்டாவதற்கு 1995-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது.

நாட்குறிப்பு எழுத வேண்டும் என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோல் அட்டை போட்ட புது டைரி வாங்காதீர்கள். பால் கணக்கோ மளிகைக் கணக்கோ எழுதும் நோட்டு வீட்டில் இருந்தால் போதும். இன்றைய கணக்கை எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல், அதன்கீழ் இன்று பார்த்த ஒன்றை இரண்டு வரியில் எழுதுங்கள். நாளைக்கும் கணக்கு எழுதத்தானே போகிறீர்கள்.